பாறையில விழாதவங்க ஹால்ல எப்படி விழுந்தாங்க?

கேள்வி: அண்ணே வணக்கம். நாங்க பாம்பன் பக்கம். அம்மாவுக்கு 63 வயசு, சின்ன வயசுலேருந்து கடல்பாசி எடுக்கப் போனவங்க. தீவுப்பக்கம் பாறை மேலயே நடந்து பழகுனவங்க, ஒருதடவகூட வழுக்கி விழுந்து அடிபட்டதில்ல. போன வருஷம் புது வீடு கட்டி குடிவந்தோம், இந்த நாலு மாசத்துல ரெண்டு தடவ விழுந்துட்டாங்க. மொத தடவ குளிச்சிட்டு பாத்ரூம விட்டு ஹால்ல கால வச்ச உடனே. ரெண்டாவது தடவ காலைல வாசக்கதவுகிட்ட, அப்ப தரையில சொட்டுத் தண்ணி கிடையாது. வலது மணிக்கட்டு எலும்பு விட்டுப்போய் மாவுக்கட்டு போட்டிருக்கு. பாத்ரூம்ல ஆன்ட்டி ஸ்கிட் டைல்ஸ், ஹால்ல பளபளப்பு இல்லாத மேட் ஃபினிஷ், வழுக்கவே வழுக்காதுன்னு சொல்லித்தான் கடையில குடுத்தாங்க. நானும் காலால தேச்சு தேச்சுப் பாத்துட்டேன், வழுக்கல. அம்மா என்னடான்னா தரை நல்லாத்தான் இருக்கு, என் காலுதான் கெட்டுப்போச்சுன்றாங்க. எட்டு வருஷமா சுகர் இருக்கு. டைல்ஸ பேத்துட்டு வேற போடணுமா, இல்ல அம்மாவுக்கு வைத்தியம் பாக்கணுமா?

பதில்: தம்பி, டைல்ஸ பேக்க வேணாம், இப்போதைக்கு. அம்மா கால் மேல பழியப் போடவும் வேணாம், அதுவும் இப்போதைக்கு. நான் இருபது வருஷத்துக்கு மேல ராமநாதபுரத்துல பிசியோதெரபி பாக்குறேன், இடுப்பெலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆனவங்கள வீட்டுக்கே போய் நடக்க வைக்கிறது என் வேலையில பாதி. போற வீட்டுல பேஷண்ட பாக்குறதுக்கு முன்னாடி தரையத்தான் பாப்பேன், சில வீட்டுல என்ன டைல்ஸ்காரன்னுகூட நெனச்சிருக்காங்க. அந்த அனுபவத்துல சொல்றேன், உங்க கடுதாசியிலயே பதில் முக்காவாசி இருக்கு, எந்த இடத்துல எப்ப விழுந்தாங்கன்னு நீங்க சரியா எழுதியிருக்கீங்க, அதையே நெறைய பேரு சொல்ல மாட்டாங்க.

மொதல்ல ஒன்னு கேட்டு வைங்க. விழுந்தப்ப முன்னாடி விழுந்தாங்களா, பின்னாடி உக்காந்த மாதிரி விழுந்தாங்களா? கால் வழுக்குனா பாதம் முன்னாடி ஓடும், ஒடம்பு பின்னாடி தங்கிடும், அதனால குண்டி அடிபட பின்பக்கமோ ஒரு பக்கமாவோதான் விழுவாங்க, தடுக்கக் கையப் பின்னாடி ஊனி மணிக்கட்டு போயிரும். தடுக்கி விழுந்தா முன்னாடி, முட்டியும் மூஞ்சியும் அடிபடும். கண்ணு இருட்டி, தலை சுத்தி விழுந்தா துணி மாதிரி மடிஞ்சு விழுவாங்க, எப்படி விழுந்தோம்னே சரியா சொல்லத் தெரியாது. இந்த மூணாவது மாதிரி இருந்தா இத படிக்கிறத நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்க, பிபியையும் சுகரையும் பாக்கணும். நீங்க எழுதுனத வச்சு அது வழுக்கல்தான்னு எடுத்துக்கிட்டு மேல போறேன்.

இப்ப உங்க டெஸ்ட்டுக்கு வருவோம். காலால தேச்சுப் பாத்தேன்னு எழுதியிருக்கீங்க, எல்லாரும் செய்யுறதுதான், கடையில டைல்ஸ் வாங்கும்போதுகூட ஒரு டைல கீழ போட்டு செருப்பால தேச்சுப் பாத்துட்டு நல்லா புடிக்குதுப்பாம்போம். ஆனா அந்த டெஸ்ட் தப்பு, ஏன்னா நீங்க தேக்குறப்ப ஒடம்பு வெயிட் எல்லாம் இன்னொரு கால்ல நிக்குது, தேக்குற கால்ல அஞ்சு கிலோகூட இருக்காது, மெதுவா வேற தேக்குறீங்க. மெதுவா தேச்சா காலுக்கும் தரைக்கும் நடுவுல இருக்குற தண்ணி பிதுங்கி வெளிய போக நேரம் கிடைக்கும், தோல் போய் டைல்ல ஒட்டும், அட புடிக்குதேன்னு தோணும். நடக்குறப்ப அப்படி இல்ல, குதிகால் கீழ வந்து தொட்ட அடுத்த கணமே மொத்த வெயிட்டும் அதுல இறங்குது, தண்ணிக்கு வெளியேற நேரமே இல்ல, அது மேலயே கால் மெதந்து போகுது. மழை ரோட்டுல பைக் வேகமா போறப்ப டயர் வழுக்குதுல்ல, கிட்டத்தட்ட அதே கததான். அதோட நீங்க தேச்சது காஞ்ச தரையில, உங்க காஞ்ச கால வச்சு. அம்மா மொத தடவ விழுந்தது ஈரக்கால வச்சு. வழுக்குறதுங்கறது தரையோட குணம் மட்டும் கெடையாது, தரை, கால், நடுவுல என்ன இருக்கு, எப்படி நடக்குறாங்க, இந்த நாலும் சேந்ததுதான். இதுல ஒன்ன மாத்துனாலும் ரிசல்ட் மாறிடும்.

மேட் ஃபினிஷ் விஷயம் இன்னும் மோசம். நம்ம கண்ணு வழுக்கலக் கண்டுபுடிக்கிறது பளபளப்ப வச்சுத்தான், ஈரம் மின்னும், எண்ணெய் மின்னும், பாலிஷ் போட்ட கல்லு மின்னும், அதனால மின்னுனா வழுக்கும்னு சின்ன வயசுலயே மண்டையில ஏறிடுது. இத நியூயார்க்ல நடையப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க டெஸ்ட் பண்ணிப் பாத்து 2006ல எழுதியிருக்காங்க. ஆளுங்க பளபளப்பப் பாத்துத்தான் முடிவு பண்றாங்க, ஆனா அது நம்பகமான அடையாளமே இல்லன்னு. கலரு, லைட்டு, எந்தப் பக்கம் நின்னு பாக்குறோம், இதெல்லாம் மாறுனா பளபளப்பும் மாறிடும், வழுக்கல் அப்படியே இருக்கும். நீங்களே பாருங்க, சாயங்காலம் மேற்கு ஜன்னல் வழியா வெயில் வந்தா உங்க ஹால் கண்ணாடி மாதிரி தெரியும், காலையில சாதாரணமா இருக்கும்.

தண்ணி பட்டாலும் கால் நிக்கணும்னா டைல் மேல இருக்குற நுணுக்கமான மேடு பள்ளம் சுமாரா 20 மைக்ரானுக்கு மேல இருக்கணும்பாங்க. 20 மைக்ரான்னா தலைமுடி தடிமன்ல மூணுல ஒரு பங்குதான் வரும், இத எந்தக் கண்ணு பாக்கும்? மேட் ஃபினிஷ்னா வெளிச்சத்த கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்காதுன்னு அர்த்தம், கால புடிக்கும்னு அர்த்தம் இல்ல. பளபளன்னு இருந்திருந்தா அம்மாவே உஷாரா வச்சிருப்பாங்க கால. மேட்டா இருந்ததால நம்பிட்டாங்க.

சரி, இந்த அம்மா பாறையில எப்படி விழாம இருந்தாங்க? எனக்கு இதான் உங்க கடுதாசியில ரொம்பப் புடிச்ச இடம். பல வருஷத்துக்கு முன்னாடி மண்டபம் பக்கம் ஒரு அம்மா முட்டிவலின்னு வந்தாங்க, அவங்களும் பாசி எடுக்குறவங்க, மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுத்தே முட்டி தேஞ்சவங்க. கிளினிக் தரையில நடந்து காட்டுங்கம்மான்னேன், சாதாரணமா நடந்தாங்க. பாறையில எப்படி நடப்பீங்க, அத செஞ்சு காட்டுங்கன்னதும் ஆளே மாறிட்டாங்க. முட்டி ரெண்டும் லேசா மடங்கிருச்சு, இடுப்பு கொஞ்சம் கீழ இறங்கிருச்சு, கால முன்னாடி நீட்டி மொதல்ல விரல் பக்கமா தரையத் தடவுனாங்க, அப்புறம் முழுப் பாதத்தையும் பலகை மாதிரி ஒரே மட்டமா வச்சாங்க, வச்சும் வெயிட்ட விடல, ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்துட்டு பெறகுதான் பின்கால எடுத்தாங்க. அடி ஒவ்வொன்னும் ஒரு சாணுக்கு மேல இல்ல. ஏம்மா இப்படின்னா, "கண்ணு சொல்றத பாறையில நம்பக்கூடாதுய்யா, காலு சொல்றத கேக்கணும்"னாங்க. செவப்பா சொரசொரன்னு இருக்குற பாறையில தைரியமா நிக்கலாம், பச்சையா மயிரு மாதிரி படிஞ்சிருந்தா காலே வைக்கக்கூடாது, அலை மோதுற பக்கத்த விட அலை ஓஞ்ச பக்கம்தான் வழுக்கும்னு ஒரு பாடமே எடுத்தாங்க. நான் காலேஜ்ல படிக்காத பாடம்.

அவங்க செஞ்சத கணக்காவும் சொல்லலாம். சமதரையில சாதாரணமா நடக்குறப்ப கால் தரைய அமுக்குற விசையில அஞ்சுல ஒரு பங்கு, அதாவது 0.2 அளவுக்கு, முன்னாடி தள்ளுற விசை இருக்கும். தரை அந்த அளவுக்காவது கால புடிச்சு நிறுத்தணும், இல்லன்னா வழுக்கும். அடிய நீட்டி வச்சா, வேகமா போனா, திரும்புனா இன்னும் ஜாஸ்தி புடிமானம் வேணும். அடிய சின்னதாக்கி பாதத்த மட்டமா வச்சா தேவையே கொறஞ்சிடும். அப்ப அந்தப் பாறை வழுக்காத பாறை இல்ல, அவங்க கேட்ட புடிமானம் கம்மி, அவ்வளவுதான். வழுக்கும்னு முன்கூட்டியே தெரிஞ்சா எல்லா மனுஷனும் தன்னையறியாமயே இப்படி நடைய மாத்திக்குவான், லேப்ல அளந்தே பாத்திருக்காங்க. உங்க அம்மா வீட்டுக்குள்ள வந்ததும் அந்த நடைய வாசல்லயே கழட்டி வச்சுட்டாங்க, ஏன்னா இது வீடு, மகன் கட்டுன புது வீடு.

மொத தடவ விழுந்தத இப்ப பாருங்க. பாத்ரூமுக்குள்ள விழல, வெளிய வந்து விழுந்தாங்க. நான் போற வீடுகள்ல திரும்பத் திரும்பப் பாக்குறது இதத்தான். உள்ள ஈரம்னு தெரியும், டைலும் சொரசொரன்னு இருக்கு, கையும் பைப்பயோ கதவயோ புடிச்சிருக்கு. நிலைய தாண்டுனதும் ஆபத்து முடிஞ்சதுன்னு மனசு விட்டுருது, ஆனா ஈரம் கால்லயே கூட வருது, அத வச்சு வழுவழு டைல்ல நீட்டா ஒரு அடி. கீழக்கரையில ஒரு பெரியவரு ஒளு செஞ்சுட்டு, அதாவது தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவிட்டு, ஈரக்காலோட வீட்டு மார்பிள்ல திரும்புனப்ப இடுப்பு போச்சு, ஒளு செஞ்ச எடத்துல ஒன்னும் ஆகல. ராமேஸ்வரம் கோயில்லயும் நின்னு பாத்திருக்கேன், 22 தீர்த்தமும் ஆடிட்டு சொட்டச் சொட்ட பிரகாரத்துல வர்றவங்க தண்ணி ஓடுற எடத்துல ஒருத்தர ஒருத்தர் புடிச்சுக்கிட்டு வாத்து மாதிரி போவாங்க, காஞ்ச மாதிரி தெரியுற எடம் வந்ததும் கைய விட்டுட்டு வேகம் எடுப்பாங்க, அங்கதான் ஒருத்தர் தடுமாறுவாரு. நானும் யோக்கியன் இல்ல. ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவுல, வழுக்கி விழுந்த பேஷண்ட பாக்கப் போனவன், அப்பத்தான் தொடச்ச தரையில செல்போன பாத்துக்கிட்டே போய் நல்லா உக்காந்தேன். போர்டு வச்சிருந்தாங்க, நான் தாண்டுனதுக்கு அப்புறமா இருந்துச்சு.

ரெண்டாவது தடவதான் தண்ணியே இல்லையேன்னு உங்களுக்குக் கொழப்பம். வாசக்கதவுகிட்டன்னு எழுதியிருக்கீங்க, கடலு எவ்வளவு தூரம்? கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல நம்ம ஊர்ல கதவிடுக்கு வழியா பொடிமணல் உள்ள வந்து படியும், வெள்ளை டைல்ல கண்ணுக்கே தெரியாது. மணல் மேல நடந்தா வழுக்காது, கால் புதையும். கெட்டியான வழுவழு தரையில நாலு மணல் இருந்தா அது பேரிங் குண்டு மாதிரி உருளும். காஞ்ச தரைன்னா பயமில்லைன்னு நாம நெனைக்கிறதால இதுல ஏமாறுறது ஜாஸ்தி. இன்னிக்கு ராத்திரி லைட்ட அமத்திட்டு போன் டார்ச்ச தரையோட தரையா படுக்க வச்சுப் பாருங்க, மணலுக்கு நிழல் விழும், எங்கெங்க இருக்குன்னு தெரிஞ்சிடும். குளிச்சிட்டு முகத்துக்குப் போடுற பவுடரும் இதே வேலையத்தான் செய்யும், கண்ணாடிக்கு கீழ தரையப் பாருங்க.

அதே டார்ச் வெளிச்சத்துல பாத்ரூமையும் பாத்துடுங்க, சாம்பல் கலர்ல மங்கலா ஒரு படலம் தெரியுதா? குடிக்க காவிரித் தண்ணி வந்தாலும் நம்ம பக்கம் குளிக்க பாதி வீட்டுல போர் தண்ணிதான். உப்புத்தண்ணியில சோப்பு நொரைக்காது, தண்ணியில இருக்குற கால்சியத்தோட சேந்து பிசுபிசுன்னு ஒரு அழுக்காயி தரையில படியும். ஆன்ட்டி ஸ்கிட் டைலோட மேடு பள்ளம் மைக்ரான் கணக்குன்னு சொன்னேன்ல, இந்தப் படலம் அந்தப் பள்ளத்த மெழுகு மாதிரி ரொப்பிடும், ஒரு வருஷத்துல ஆன்ட்டி ஸ்கிட் பேரளவுலதான் இருக்கும். எலுமிச்சை உப்ப வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சோ, இல்ல வினிகரோ ஊத்தி கால் மணி நேரம் ஊறவிட்டு பிரஷ்ஷால தேச்சு நெறைய தண்ணி விட்டு அலசுங்க, வாரம் ஒருதடவ போதும். டைலுக்கு மட்டும்தான் இது, கடப்பா கல்லுலயும் மார்பிள்லயும் புளிப்பு பட்டா கல்லே அரிச்சிடும். ஆசிட் வேணாம், டைல் நடுவுல இருக்குற சிமெண்ட தின்னுடும், எதையும் பிளீச்சிங் பவுடரோட கலந்துடாதீங்க, வர்ற கேஸ் நெஞ்ச அடைக்கும். ஹால் தொடைக்கிற பக்கெட்டுலயும் வாசம் நல்லா வரட்டும்னு லிக்விட இஷ்டத்துக்கு ஊத்துறாங்களான்னு பாருங்க, மூடிக்கு மேல ஊத்துனா அது காஞ்சு படலமா நிக்கும், ஈரக்கால் பட்டதும் திரும்ப சோப்பாயிடும்.

இனி உண்மையான டெஸ்ட். உங்க ஊர்ல மீன் எடை போடுற தொங்கு தராசு யார்கிட்டயாவது இருக்கும், ஸ்பிரிங் வச்சது. அம்மா வீட்டுல போடுற செருப்புல ஒன்னு எடுத்து அதுமேல அஞ்சு கிலோ அரிசிப்பைய கட்டுங்க, தராசு கொக்கிய செருப்பு வார்ல மாட்டி தரைக்கு சமமா படுக்க வச்சு நிதானமா இழுங்க. நகர்ந்து போய்ட்டிருக்கும்போது எத்தன கிலோ காட்டுதுன்னு எழுதுங்க. ரெண்டரை மூணு கிலோ காட்டுனா நல்ல புடிமானம். ஒரு கிலோன்னா அஞ்சுல ஒன்னு, நான் மேல சொன்ன 0.2 அதுதான், அதாவது நடக்கத் தேவையானது மட்டும்தான் இருக்கு, கொஞ்சம் அவசரமா அடி வச்சா ஆளு கீழ. இத ஹால்ல காஞ்ச தரையில ஒருதடவ, தண்ணி ஊத்தி ஒருதடவ, சோப்புத் தண்ணியில ஒருதடவ, வாசல்ல மணலோட ஒருதடவ செஞ்சு பாருங்க. இது லேப் டெஸ்ட் இல்ல, மெதுவா இழுக்குறதால உங்க கால் டெஸ்டுல இருக்குற அதே குறை இதுலயும் கொஞ்சம் உண்டு, ஈரத்துல நெஜத்த விட நல்லதாவே காட்டும், ஆனா எந்த எடம் எத விட மோசம்னு பளிச்சுன்னு தெரியும். செருப்போட அடியையும் திருப்பிப் பாருங்க, குதிகால் பக்கம் கோடெல்லாம் தேஞ்சு காசு மாதிரி வழவழன்னு இருந்தா அத அன்னிக்கே தூக்கிப் போடுங்க, அம்மாக்கள் நல்லா இருக்குற செருப்ப விசேஷத்துக்குன்னு வச்சுட்டு தேஞ்சத வீட்டுக்குள்ள போடுவாங்க.

செய்ய வேண்டியது பெரிய செலவில்ல. பாத்ரூம் நிலைக்கு வெளிய அடியில ரப்பர் ஒட்டுன மிதியடி, அதுவும் ஒரு அடி அகலத்துக்கு இல்ல, ரெண்டு மூணு அடி வச்சு கால் காயுற நீளத்துக்கு. பழைய சேலைய மடிச்சுப் போடாதீங்க, அது மிதியடி இல்ல, சறுக்குப் பலகை. நிலைக்குப் பக்கத்துல செவுத்துல ஒரு புடி, அம்மாவோட இடது கைப்பக்கமும் ஒன்னு, வலது கை இப்ப கட்டுல இருக்கு. உள்ளயே ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து கால தொடச்சுட்டு எந்திரிச்சா இன்னும் நல்லது. வாசல்ல வெளிய ஒரு முரட்டு கயித்து மிதியடி, உள்ள ஒன்னு, காத்தடிக்கிற மாசத்துல ரெண்டு வேளை கூட்டணும். கொல்லையில துணி தொவைக்கிற சிமெண்ட் தரையில கருப்பா ஏதாவது படிஞ்சிருந்தா கறைன்னு விட்டுடாதீங்க, அது காஞ்ச பாசி, பனி விழுந்தாலே உயிர் வந்துடும், வாடை மாசம் வர்றதுக்குள்ள பிளீச்சிங் போட்டு சொரண்டிடுங்க.

இத்தனையும் செஞ்சும் ஹால் டைல் ஈரத்துல ஒரு கிலோவத் தாண்டலைன்னா அப்ப பேக்குறதப் பத்தி யோசிப்போம், அதுவும் பாத்ரூமுக்கு எதிர்ல இருக்குற நாலஞ்சு டைல் மட்டும். கடையில மேட்டா கிளாஸியான்னு கேக்காதீங்க, பெட்டியில ஆர் நம்பர் என்னன்னு கேளுங்க. ஆர்9லேருந்து ஆர்13 வரைக்கும் உண்டு, ஆர்9தான் புடிமானத்துல ஆகக் கடைசி, அதையும் ஆன்ட்டி ஸ்கிட்டுன்னு சொல்லி விப்பாங்க. ஆர்10, முடிஞ்சா ஆர்11 வாங்குங்க. ஒரு விஷயம், அந்த நம்பர் சரிவுப் பலகையில எண்ணெய் ஊத்தி பூட்ஸ் போட்டு நடக்க வச்சு எடுக்குறது. வெறுங்காலுக்கு தனியா சோப்புத் தண்ணியில டெஸ்ட் பண்ணி ஏ, பி, சின்னு குடுப்பாங்க, சி நல்லது. குளிக்கிற எடத்துக்கு அதையும் கேளுங்க, கடைக்காரரு முழிச்சா கம்பெனி டேட்டா ஷீட்ட போன்ல எடுத்துக் காட்டச் சொல்லுங்க.

கடைசியா அம்மா காலு. காலு கெட்டுப்போச்சுன்னு அவங்க சொல்றத சும்மா பொலம்பலா எடுத்துக்காதீங்க. வழுக்க ஆரம்பிச்சு ரெண்டு மூணு சென்டிமீட்டர் போற வரைக்கும் யாருக்கும் பெருசா தெரியாது, நல்லா இருக்குற காலுன்னா அதுக்குள்ள பாதத்துலேருந்து சேதி போய் ஒடம்பு சமாளிச்சுக்கும், பத்து சென்டிமீட்டர் தாண்டுனா பெரும்பாலும் விழுந்த மாதிரிதான். எட்டு வருஷ சுகர்ல பாதத்துல உணர்ச்சி மங்கியிருந்தா அந்த சேதி லேட்டாத்தான் போகும். பாறையில காலு சொல்றத கேட்டவங்களுக்கு இப்ப காலு மெதுவா பேசுதுன்னு வச்சுக்கங்களேன். கட்டு பிரிக்கப் போறப்பவே டாக்டர்கிட்ட சொல்லி பாதத்த டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, நைலான் நரம்பு மாதிரி ஒன்ன வச்சு குத்திக் குத்திக் கேப்பாங்க, ஃபோர்க் மாதிரி ஒன்ன அதிர வச்சு கட்டைவிரல்ல வைப்பாங்க, வலிக்காது, அஞ்சு நிமிஷம். கண்ணையும் பாத்துடுங்க, புரை விழுந்திருந்தா ஈரத்தோட மினுக்கமே தெரியாது. 63 வயசுல விழுந்த வேகத்துக்கே மணிக்கட்டு முறிஞ்சிருக்கு, அதனால எலும்பு பலம் எப்படின்னும் ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க.

கட்டு பிரிச்சதுக்கு அப்புறம் கைக்கு எக்சர்சைஸ் இருக்கு, அத பிசியோகிட்ட நேர்ல கத்துக்கணும், எழுத்துல சொன்னா தப்பா செய்வாங்க. அதுவரைக்கும் கட்டுக்கு வெளிய இருக்குற விரல மணிக்கு பத்து தடவ மடக்கி நீட்டச் சொல்லுங்க, தோளையும் தூக்கி இறக்கணும், இல்லன்னா தோள் இறுகிப்போயி அது வேற ஒரு வைத்தியம் ஆயிடும். பாத்ரூம் வாசல்ல மிதியடி போடுற அன்னிக்கு அம்மாவக் கூப்பிட்டு, பாறையில எப்படிம்மா நடப்பன்னு கேட்டு ஒருதடவ நடந்து காட்டச் சொல்லுங்க, நீங்க பக்கத்துல நின்னு இடது கைய புடிச்சுக்கங்க. அந்த மூணு அடிக்கு மட்டும் அப்படியே நடந்தா போதும். தராசுல வந்த கணக்க எழுதி அனுப்புங்க, வாசல் மணல் எத்தன கிலோ காட்டுதுன்னு தெரிஞ்சுக்க எனக்கே ஆசையா இருக்கு.